எல்டிஸ்பைஸ் விமர்சனம்: காசு கேட்காத சர்க்யூட் சிமுலேட்டரை எதுவரை நம்பலாம்?

பவர் சப்ளை, ஆடியோ ஆம்ப்ளிஃபயர், ஃபில்டர் என்று அனலாக் பக்கம் கை வைப்பவர்களின் கணினியில் பெரும்பாலும் இருக்கும் மென்பொருள் எல்டிஸ்பைஸ்; சர்க்யூட்டைக் கட்டும் முன் கணினியிலேயே ஓட்டிப் பார்க்க உதவுவது. அனலாக் டிவைசஸ் நிறுவனத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. லைசென்ஸ் சாவி கிடையாது. இத்தனை நோடுக்கு (பாகங்கள் சேரும் சந்திப்புக்கு) மேல் கூடாது என்ற வரம்பு கிடையாது. ‘மாணவர் பதிப்பு’ என்ற பெயரில் கையைக் கட்டிவிட்ட பதிப்பும் கிடையாது. இவ்வளவு தாராளத்துக்குக் காரணம் தர்ம சிந்தனை அல்ல. அந்த நிறுவனம் சிப் விற்கிறது. சிமுலேஷனில் தன் சிப்பைப் போட்டுப் பார்த்தவர் கடையிலும் அதையே கேட்பார் என்ற கணக்கு. அந்தக் கணக்கு மென்பொருளின் பலத்திலும் தெரியும், குறையிலும் தெரியும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். அனலாக் சர்க்யூட்டுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் (ஸ்விட்சிங் பவர் சப்ளை), காசு கொடுத்து வாங்கும் பல மென்பொருள்களைவிட இதுவே மேல். ஆனால் திரையில் வரும் அலைவடிவம் அழகாக இருக்கிறது என்பதற்காக அதை நம்பிவிடக் கூடாது. தப்பான விடை வந்தால் பெரும்பாலும் மென்பொருள் குற்றவாளி இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுக்கும், ஒயருக்கும், கெப்பாசிட்டருக்கும் உள்ள ரெசிஸ்டன்ஸை நாம் அதற்குச் சொல்லவே இல்லை என்பதுதான் விஷயம்.

எல்டிஸ்பைஸின் உள்ளே ஓடும் ஸ்பைஸ் என்ற கணக்குமுறை கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பிறந்தது. பேராசிரியர் டொனால்ட் பெடர்சனிடம் ஆய்வு செய்த லாரன்ஸ் நேகல் எழுதிய முதல் பதிப்பு 1973-இல் வெளியே வந்தது. தனித்தனி டிரான்சிஸ்டர் என்றால் பலகையில் மாட்டி, ஒன்றைக் கழற்றி இன்னொன்றைப் போட்டுப் பார்க்கலாம். ஒரே சிலிக்கான் துண்டுக்குள் இருக்கும் ஐசியை அப்படிச் சோதிக்க வழியில்லை. அதனால் செய்வதற்கு முன்பே கணக்கிட்டுப் பார்க்க வேண்டிய கட்டாயம். அன்று போட்ட அடிப்படை இன்றும் மாறவில்லை. ஒவ்வொரு நோடிலும் உள்ளே வரும் கரண்டும் வெளியே போகும் கரண்டும் சமம் என்ற கிர்க்காஃப் விதியை வைத்துச் சமன்பாடுகளை அடுக்கும். டையோடும் டிரான்சிஸ்டரும் நேர்கோட்டில் நடக்காதவை என்பதால், ஒரு மதிப்பை ஊகித்து, பிழையைப் பார்த்துத் திருத்தி, மறுபடி ஊகிக்கும். இரண்டு ஊகங்களுக்கு நடுவிலான வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் அடங்கியதும் (ரெல்டால் என்ற அமைப்பு; மாற்றிக்கொள்ளலாம்) நேரத்தில் அடுத்த அடி வைக்கும். அலை சட்டென்று மாறும் இடத்தில் சின்ன அடி, அமைதியான இடத்தில் பெரிய அடி. சிமுலேஷன் என்று நாம் சொல்வது இவ்வளவுதான்: நாம் எழுதிக் கொடுத்த பாகங்களின் கணக்கு. கடையில் வாங்கிய பாகங்களைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

எல்டிஸ்பைஸை எழுதியவர் மைக் எங்கல்ஹார்ட். லீனியர் டெக்னாலஜி நிறுவனத்தில், தங்கள் ஸ்விட்சிங் ரெகுலேட்டர் சிப்களை வேகமாகச் சோதிக்க எழுதப்பட்டது. ஆரம்ப காலப் பெயர் ஸ்விட்சர்கேட். 2017-இல் அனலாக் டிவைசஸ் அந்த நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. 2016-இல் வந்த 17-ஆம் பதிப்பைத்தான் பெரும்பாலான காணொளிகள் காட்டுகின்றன. 2024-இல் 24 என்ற எண்ணோடு புதிய பதிப்பு வந்தது. பழைய காணொளியில் எஃப்2 அழுத்து, எஃப்3 அழுத்து என்று சொல்வது புதியதில் அப்படியே வேலை செய்யாமல் போகலாம். கீபோர்டு ஷார்ட்கட் பக்கத்தில் நாமே மாற்றிக்கொள்ளலாம். ரெசிஸ்டருக்கு ஆர், கெப்பாசிட்டருக்கு சி, காயிலுக்கு எல், டையோடுக்கு டி, கிரவுண்டுக்கு ஜி என்ற ஓரெழுத்து விசைகள் இரண்டிலும் உண்டு. விண்டோஸ்தான் இதன் சொந்த ஊர். மேக் பதிப்பு உண்டு, ஆனால் திரை வேறு மாதிரி இருக்கும். விண்டோஸ் காணொளியைப் பார்த்துக் கொண்டே மேக்கில் செய்வது எரிச்சல். லினக்ஸில், விண்டோஸ் மென்பொருளை ஓட்ட உதவும் வைன் வழியாக ஓடும்.

தோற்றம் பழசு. அதைக் குறையாகச் சொல்பவர்கள் பலர். இரண்டு நாள் பழகிவிட்டால் மவுஸைவிடக் கீபோர்டில் வேகமாக வரையலாம் என்பதால் எங்களுக்கு அது பெரிய குறையாகப் படவில்லை.

இதன் பயனையும் பொறிகளையும் காட்ட ஒரே ஒரு சர்க்யூட் போதும்: 12 வோல்ட் 1 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர், ஏசியை டிசியாக்க நான்கு 4007 டையோடில் ஒரு பிரிட்ஜ், 1000 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் கெப்பாசிட்டர், பின்னால் 5 வோல்ட் ரெகுலேட்டரான 7805. சென்னை ரிச்சி தெருவில் ஒரே கடையில் எல்லாம் கிடைக்கும், பாலிடெக்னிக் லேபில் எல்லோரும் கட்டியிருப்பார்கள்.

முதலில் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதிலாக ஒரு வோல்டேஜ் சோர்ஸ். அட்வான்ஸ்ட் பொத்தானை அழுத்தி சைன் அலையைத் தேர்ந்தெடுத்து, ஆஃப்செட் 0, ஃப்ரீக்வென்சி 50 கொடுக்க வேண்டும். ஆம்ப்ளிட்யூட் கட்டத்தில்தான் முதல் பொறி. அது கேட்பது உச்ச மதிப்பு. டிரான்ஸ்ஃபார்மர் மேல் அச்சடித்திருப்பது ஆர்எம்எஸ், அதாவது சைன் அலையில் உச்சத்தை 1.414 ஆல் வகுத்தால் வருவது. 12 என்று போட்டால் 8.5 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரைத்தான் சோதிக்கிறோம். 12-ஐ 1.414 ஆல் பெருக்கி 17 என்று போட வேண்டும்.

அடுத்தது கிரவுண்டு. எங்காவது ஓர் இடத்தில் கிரவுண்டு குறி இல்லாவிட்டால் சிமுலேஷன் சரியாக நடக்காது. அதனால் சிலர் சோர்ஸின் ஒரு முனையிலும் வைக்கிறார்கள், வெளியீட்டின் மைனஸிலும் வைக்கிறார்கள். இரண்டும் வைத்தால் பிரிட்ஜில் ஒரு டையோடு ஷார்ட் ஆகிவிடும்; கெப்பாசிட்டர் அரை அலையில் மட்டும் நிரம்பும், எதிர் அரை அலையில் சோர்ஸ் இன்னொரு டையோடு வழியாக நேராக ஷார்ட் ஆகும். கிரவுண்டு பிரிட்ஜின் மைனஸில் மட்டும். சோர்ஸ் இரு முனையும் மிதக்க வேண்டும், நிஜ டிரான்ஸ்ஃபார்மர் மிதப்பதைப் போலவே.

7805-ஐ முதலில் போட வேண்டாம். அது எடுக்கும் கரண்ட் அநேகமாக மாறாது என்பதால் அதன் இடத்தில் 0.5 ஆம்பியர் கரண்ட் சோர்ஸ் வைத்தால் போதும். அதன் பெட்டியில் ‘ஆக்டிவ் லோட்’ என்ற கட்டத்தை டிக் செய்ய வேண்டும். இல்லையென்றால் கெப்பாசிட்டர் காலியாக இருக்கும் தொடக்கத்திலும் அது விடாப்பிடியாக அரை ஆம்பியர் இழுத்து வெளியீட்டை மைனஸுக்குக் கொண்டுபோகும். நேரத்தோடு அலை எப்படி மாறுகிறது என்று கணக்கிடும் டிரான்சியன்ட் பெட்டியில் ஸ்டாப் டைம் 200 மில்லிசெகண்ட், மேக்சிமம் டைம்ஸ்டெப் 10 மைக்ரோசெகண்ட். இரண்டாவது கட்டத்தைக் காலியாக விட்டால் மென்பொருள் தன்னிஷ்டத்துக்குப் பெரிய அடி வைக்கும். டையோடு கரண்டின் கூர்மையான முனை முறிந்த கோடாகத் தெரியும்.

ஓட்டினால் ரிப்பிள் (கெப்பாசிட்டர் வோல்டேஜின் ஏற்ற இறக்கம்) மூன்றரை வோல்ட்டை ஒட்டி வரும். புத்தகச் சூத்திரப்படி அரை ஆம்பியரை 10 மில்லிசெகண்டால் பெருக்கி 1000 மைக்ரோஃபாரடால் வகுத்தால் 5 வோல்ட். கெப்பாசிட்டர் முழு 10 மில்லிசெகண்டும் காலியாவதில்லை, ஏழு ஏழரை மில்லிசெகண்டில் அடுத்த அலை வந்து நிரப்பிவிடுகிறது. சூத்திரம் பாதுகாப்புக்காகக் கூடுதலாகச் சொல்கிறது. இந்த இடத்தில் சிமுலேஷன்தான் சரி.

டையோடு மேல் கர்சரை வைத்து அதன் கரண்டைப் பாருங்கள். 0.5 ஆம்பியர் லோடுக்கு டையோடில் நான்கு ஆம்பியர் உச்சம் காட்டும். கெப்பாசிட்டரை 4700 ஆக்கினால் எட்டு ஆம்பியரைத் தாண்டும். 1 ஆம்பியர் டையோடு எரிந்துவிடும் என்று பயந்து பெரிய டையோடு வாங்கப் போகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். நாம் வைத்த சோர்ஸுக்கு உள் ரெசிஸ்டன்ஸ் பூஜ்ஜியம். அப்படி ஒரு டிரான்ஸ்ஃபார்மர் உலகத்தில் இல்லை.

சரிசெய்ய மல்டிமீட்டரும் பத்து நிமிடமும் போதும். லோடு இல்லாமல் செகண்டரியை (வெளியீட்டுச் சுற்றை) ஏசி ரேஞ்சில் அளந்தால் 12 வராது, சின்ன டிரான்ஸ்ஃபார்மரில் 14 வோல்ட் மாதிரி வரும்; அச்சடித்த 12 என்பது முழு லோடில் வரும் மதிப்பு. பிறகு மின் இணைப்பைக் கழற்றிவிட்டு இரு சுற்றுகளின் ரெசிஸ்டன்ஸையும் அளக்க வேண்டும். பிரைமரி 300 ஓம், செகண்டரி 0.9 ஓம் என்று வைத்துக்கொள்வோம். பிரைமரியின் 300 ஓம் செகண்டரிப் பக்கம் எவ்வளவாகத் தெரியும்? 14-ஐ 230 ஆல் வகுத்து வர்க்கமாக்கினால் 0.0037, அதை 300 ஆல் பெருக்கினால் 1.1 ஓம். மொத்தம் 2 ஓம். செகண்டரியை அளக்கும்போது மீட்டர் ஒயரின் ரெசிஸ்டன்ஸைக் கழிக்க மறக்கக் கூடாது, அதுவே 0.2, 0.3 ஓம் இருக்கும்.

இப்போது சோர்ஸின் ஆம்ப்ளிட்யூட் 19.8, சீரீஸ் ரெசிஸ்டன்ஸ் கட்டத்தில் 2. கெப்பாசிட்டரின் பெட்டியிலும் ஈஎஸ்ஆர் (உள் ரெசிஸ்டன்ஸ்) கட்டம் இருக்கிறது. சாதாரண எலக்ட்ரோலிட்டிக்குக் 0.1 ஓம் போடலாம். மறுபடி ஓட்டினால் டையோடு உச்சம் ஒன்றரை ஆம்பியரைச் சற்றே தாண்டி நின்றுவிடும். 4700 போட்டாலும் இரண்டு ஆம்பியரை ஒட்டித்தான் வரும். சராசரி வெளியீடு 14.7 வோல்ட் பக்கம், ரிப்பிள் மூன்று வோல்ட்டுக்குச் சற்று மேல். இதே சர்க்யூட்டைக் கட்டி ஸ்கோப்பில் பார்த்தால் இதற்கு மிக அருகில் வரும். முதல் கணக்குக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் மென்பொருளில் எதுவும் மாறவில்லை, இரண்டு ஓம் மட்டும் சேர்ந்தது.

இதே படத்தில் இன்னொன்றையும் பார்க்கலாம். கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு அலையின் பெயரைக் கிளிக் செய்தால் திரையில் தெரியும் பகுதியின் சராசரியும் ஆர்எம்எஸ்ஸும் வரும். தொடக்கச் சலசலப்பு கணக்கில் சேராமல் இருக்க 100 மில்லிசெகண்டுக்குப் பிறகான பகுதியை மட்டும் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, சோர்ஸ் கரண்டைக் கேளுங்கள்: 0.8 ஆம்பியர். லோடு எடுப்பதோ 0.5. கரண்ட் முழு நேரமும் ஓடாமல் உச்சியில் மட்டும் குத்துக்குத்தாக ஓடுவதால் இப்படி. அதனால் பிரிட்ஜும் கெப்பாசிட்டரும் போட்டால், 1 ஆம்பியர் என்று எழுதிய டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து டிசியாக 0.62 ஆம்பியர்தான் எடுக்க வேண்டும் என்பது பழைய விதி. விதியை மனப்பாடம் செய்தவர்கள் அதிகம், காரணத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. இந்த மென்பொருளுக்கு வகுப்பறையில் இதைவிட நல்ல உபயோகம் சொல்ல முடியாது.

அடுத்த கேள்வி வோல்டேஜ் ஏற்ற இறக்கம். வீட்டு மின்சாரம் 180 வோல்ட்டுக்கு இறங்கும் கிராமத்து லைனும் உண்டு, இரவில் 250 தொடும் லைனும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனியாக ஓட்ட வேண்டியதில்லை. ஆம்ப்ளிட்யூட் கட்டத்தில் எண்ணுக்குப் பதிலாக நெளிவு அடைப்புக்குள் ஒரு பெயரைக் கொடுத்து, ஸ்டெப் கட்டளையில் அந்தப் பெயருக்கு 15.5, 19.8, 21.5 என்று பட்டியல் கொடுத்தால் மூன்று கோடும் ஒரே படத்தில் வரும். 180-இல் வெளியீட்டின் அடிப்பகுதி ஒன்பதரை வோல்ட் வாக்கில். 7805-க்கு உள்ளே குறைந்தது 7 வோல்ட் இருந்தால் போதும் என்பதால் தப்பித்துவிடும். 250-இல் லோடு இல்லாதபோது கெப்பாசிட்டர் 20 வோல்ட்டைத் தொடும். 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர்தானே என்று 16 வோல்ட் கெப்பாசிட்டர் போட்டவர்களின் பலகையில் அது ஏன் உப்பியிருக்கிறது என்பதற்குப் பதில் இந்தக் கோடு.

7805-க்குப் பதில் 12 வோல்ட் தரும் 7812 போடலாமா? அதற்கு 14 வோல்ட் வேண்டும். 230-இலேயே அடிப்பகுதி 13 வோல்ட்டுக்கு இறங்குகிறது, அதனால் வெளியீட்டில் 100 ஹெர்ட்ஸ் பள்ளங்கள் விழும். ஆடியோ என்றால் ஹம் சத்தமாகக் கேட்கும். 4700 போட்டால் 230-இல் மயிரிழையில் தப்பும், 180-இல் மறுபடி விழும். கெப்பாசிட்டரை ஏற்றிக்கொண்டே போவதில் பயனில்லை, 15 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர்தான் வழி என்பதை ஒரு ரூபாய் செலவில்லாமல் இங்கே தெரிந்துகொள்ளலாம். 180 வோல்ட் லைனுக்கு அதுவும் போதாது, 18 வேண்டும். சூடு அதற்கேற்பக் கூடும்.

சூடு என்று வரும்போது இந்த மென்பொருள் கையை விரித்துவிடும். ஆல்ட் விசையோடு பாகத்தைக் கிளிக் செய்தால் எத்தனை வாட் என்று சொல்லும். 250 வோல்ட் லைனில், உள்ளே சராசரி 16, வெளியே 5, அரை ஆம்பியர்: ஐந்தரை வாட். அதற்குப் பிறகு என்ன என்பது நம் கணக்கு. ஹீட் சிங்க் இல்லாத 7805 ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 65 டிகிரி சூடேறும், ஆகவே ஐந்தரை வாட்டில் உள்பாதுகாப்பு வேலை செய்து தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். வெளி வெப்பம் 40 டிகிரி, ஜங்ஷனை (சிப்பின் உள்பகுதியை) 125-க்குள் நிறுத்த வேண்டும் என்றால், வாட்டுக்கு 9 டிகிரியோ அதற்கும் குறைவோ உள்ள ஹீட் சிங்க் வேண்டும். சிமுலேஷனில் அந்த 7805 வருடக்கணக்காக ஓடும். பலகையில் பத்து நிமிடம்.

ஸ்விட்ச் போட்ட கணத்தில் பாயும் கரண்டைப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு பொறி காத்திருக்கிறது. அலையின் உச்சியில் ஸ்விட்ச் போட்டால்தான் மோசம் என்று, சோர்ஸின் ஃபேஸ் கட்டத்தில் 90 கொடுத்து ஓட்டினால் எதுவுமே பாயாது. காரணம், டிரான்சியன்ட் தொடங்கும் முன் எல்டிஸ்பைஸ் டிசி நிலையைக் கணக்கிட்டு, கெப்பாசிட்டரை முன்கூட்டியே நிரப்பி வைத்துவிடுகிறது. ‘ஸ்கிப் இனிஷியல் ஆப்பரேட்டிங் பாயின்ட்’ கட்டத்தை டிக் செய்தால் கெப்பாசிட்டர் காலியாகத் தொடங்கும். அப்போது 9 ஆம்பியர் தெரியும். இதன் மறுபக்கமாக, ஒரே மாதிரி இரண்டு 547 டிரான்சிஸ்டர் வைத்துக் கட்டிய, மாறி மாறி ஆன் ஆஃப் ஆகும் மல்டிவைப்ரேட்டர் சிமுலேஷனில் ஓடாமல் சிலை மாதிரி நிற்கும். நிஜ டிரான்சிஸ்டர்கள் இரண்டும் அச்சில் வார்த்தது போல இருக்காது, நாய்ஸும் இருக்கும். அந்த ஏற்றத்தாழ்வில்தான் ஆட்டம் தொடங்கும். இங்கே இரண்டும் ஒரே எண், நாய்ஸ் கிடையாது. சப்ளையைப் பூஜ்ஜியத்திலிருந்து ஏற்றும் தேர்வைப் போடலாம். இரண்டும் இம்மி பிசகாமல் ஒன்று என்றால் அதுவும் போதாமல் போகலாம். ஒரு கெப்பாசிட்டருக்கு மட்டும் தொடக்க வோல்டேஜ் கொடுத்தால் நிச்சயம் தொடங்கும்.

எண்களை எழுதும் முறை தனிக்கதை. பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் இதற்குத் தெரியாது, எம் என்றால் எப்போதும் மில்லி. 1 மெகா ஓம் என்று நினைத்து 1-க்குப் பக்கத்தில் எம் போட்டால் ஒரு மில்லி ஓம் ரெசிஸ்டர் கிடைக்கும். அதாவது ஒரு ஷார்ட். மெகாவுக்கு எம், இ, ஜி என்று மூன்று எழுத்தும் வேண்டும். சூப்பர் கெப்பாசிட்டருக்கு 1 எஃப் என்று எழுதினால் ஒரு ஃபெம்டோஃபாரட். வெறும் 1 போதும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் கொடுமை. மாறாக, 4.7 கிலோ ஓமை நம் கடைக்காரர்கள் எழுதுவது போல 4-க்கும் 7-க்கும் நடுவில் கே போட்டு எழுதினால் புரிந்துகொள்கிறது.

பெயரில்லாத பாகங்களும் இப்படித்தான். டையோடு என்று வெறுமனே வைத்தால் அதற்குச் சீரீஸ் ரெசிஸ்டன்ஸ் இல்லை, பிரேக்டவுன் வோல்டேஜ் இல்லை, அணைய நேரமும் எடுக்காது. ஆயிரம் வோல்ட் எதிர்த்திசையில் கொடுத்தாலும் சிரித்துக்கொண்டு தாங்கும். வலது கிளிக் செய்து பட்டியலிலிருந்து ஒரு நிஜ எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காயில் மட்டும் விதிவிலக்கு: சொல்லாவிட்டாலும் ஒரு மில்லி ஓம் சீரீஸ் ரெசிஸ்டன்ஸ் தானாகச் சேர்த்துக்கொள்ளும். கணக்கு தடுமாறாமல் இருக்கத்தான் அது. நிஜக் காயிலின் ரெசிஸ்டன்ஸை நாம்தான் அளந்து போட வேண்டும். கோர் சாச்சுரேஷன் சாதாரணக் காயிலில் வராது.

நிஜ எண்ணைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு சந்தேகம் மிச்சம் வைக்க வேண்டும். 547-இன் பி வகைக்கு டேட்டாஷீட் சொல்லும் கரண்ட் கெயின் (பீட்டா) 200-இலிருந்து 450 வரை. மாடலில் இருப்பது ஒரே ஒரு டிரான்சிஸ்டர். பேஸுக்கு ஒற்றை ரெசிஸ்டர் போட்டு பயாஸ் செய்த ஆம்ப்ளிஃபயர் சிமுலேஷனில் கச்சிதமாக நடுவில் நிற்கும். கட்டும்போது ஒரு டிரான்சிஸ்டரில் சரியாக வரும், அடுத்ததில் மேலே ஒட்டிக்கொள்ளும். மாடலின் பீட்டாவை ஸ்டெப் கட்டளையால் 200, 300, 450 என்று மாற்றி ஓட்டிப் பார்த்தவருக்கு இது முன்பே தெரிந்திருக்கும். ரெசிஸ்டர், கெப்பாசிட்டர்களுக்கு எம்சி என்ற ஃபங்ஷன் இருக்கிறது: மதிப்பும் டாலரன்ஸும் கொடுத்தால் ஒவ்வொரு ஓட்டத்திலும் அந்த எல்லைக்குள் ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளும். எலக்ட்ரோலிட்டிக்குக்கு 20 சதவீதம் கொடுப்பதுதான் நியாயம். மென்பொருளை மூடித் திறந்தால் அதே ‘தற்செயல்’ எண்கள் அதே வரிசையில் வரும்; அது பிடிக்காவிட்டால் கடிகாரத்தை வைத்து மாற்றும் அமைப்பு செட்டிங்ஸில் இருக்கிறது.

ஃப்ரீக்வென்சிக்கு ஏற்பக் கெயின் எப்படி மாறுகிறது என்று காட்டும் ஏசி அனாலிசிஸ் பற்றி ஓர் எச்சரிக்கை போதும். அது சர்க்யூட்டை ஒரு புள்ளியில் நேர்கோடாக்கிக் கணக்கிடுகிறது. 12 வோல்ட் சப்ளையில் ஓடும், கெயின் 100 உள்ள ஆம்ப்ளிஃபயருக்கு 1 வோல்ட் கொடுத்தால் 100 வோல்ட் வெளியே வருவதாகக் காட்டும், கிளிப்பிங் (அலை சப்ளை எல்லையில் வெட்டுப்படுவது) என்ற பேச்சே இருக்காது. கெயினையும் ஃப்ரீக்வென்சியையும் மட்டும் இதில் பாருங்கள். டிஸ்டார்ஷனுக்கு டிரான்சியன்ட் ஓட்டி, அலையை ஃப்ரீக்வென்சிகளாகப் பிரித்துக் காட்டும் எஃப்எஃப்டி எடுக்க வேண்டும். அதற்கு முன் அலைவடிவச் சுருக்கத்தை அணைப்பது அவசியம், ஆப்ஷன்ஸ் கட்டளையில் பிளாட்வின்சைஸ் மதிப்பைப் பூஜ்ஜியமாக்கினால் அணையும். அணைக்காவிட்டால் சுருக்கத்தில் வந்த பிழையெல்லாம் டிஸ்டார்ஷனாகத் தெரியும், நல்ல ஆம்ப்ளிஃபயரைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். அணைத்தால் ஃபைல் பெரிதாகும். வேண்டிய நோடுகளை மட்டும் சேவ் கட்டளையில் குறிப்பிடுவது நல்லது; நீண்ட எஸ்எம்பிஎஸ் ஓட்டத்தில் எல்லா நோடையும் சேமித்தால் டிஸ்க்கில் ஜிபி கணக்கில் இடம் போய்விடும்.

நூலகத்துக்கு வருவோம். அனலாக் டிவைசஸ், லீனியர் டெக்னாலஜி சிப்கள் என்றால் இதற்கு இணை இல்லை. சிப்பை வைத்து வலது கிளிக் செய்து ஒரு பொத்தானை அழுத்தினால் காயில், கெப்பாசிட்டர், ஃபீட்பேக் ரெசிஸ்டர் எல்லாம் போட்ட மாதிரி சர்க்யூட் திறக்கும். அங்கிருந்து மாற்றிக்கொண்டு போகலாம். ஆனால் நம் கடைகளில் கிடைப்பது அந்தச் சிப்களா? எல்எம்2596 மாட்யூல், 34063, 3842, எல்எம்358 ஆகியவைதான் கைக்குக் கிடைக்கும். இவை வேறு நிறுவனங்களின் சரக்கு. 555 உள்ளே இருக்கிறது, 547 இருக்கிறது. மற்றவற்றுக்கு மாடல் தேடி எடுத்து நாமே சேர்க்க வேண்டும். சில நிறுவனங்கள் தங்கள் மாடலைப் பிஸ்பைஸ் என்ற வேறு சிமுலேட்டருக்கு மட்டும் பூட்டித் தருகின்றன. அவை இங்கே ஓடாது.

பூட்டில்லாத மாடலைச் சேர்ப்பது கடினமில்லை. ஒற்றை வரி மாடல் என்றால் அந்த வரியை அப்படியே வரைபடத்தில் ஸ்பைஸ் கட்டளையாக ஒட்டி, பாகத்துக்கு அதே பெயரைக் கொடுத்தால் முடிந்தது. பல வரி சப்சர்க்யூட் என்றால் ஃபைலை எல்டிஸ்பைஸிலேயே திறந்து, அதன் பெயர் வரியில் வலது கிளிக் செய்து சிம்பல் உருவாக்கலாம். பின்களின் வரிசை மட்டும் கவனம். ஆப்-ஆம்ப்களில் பெரும்பாலும் பிளஸ் உள்ளீடு, மைனஸ் உள்ளீடு, பிளஸ் சப்ளை, மைனஸ் சப்ளை, வெளியீடு என்ற வரிசை. எல்லா நிறுவனமும் அப்படியே எழுதும் என்று உத்தரவாதம் இல்லை. வரிசை மாறினால் பிழை காட்டாது, தப்பான விடையை அமைதியாகக் கொடுக்கும். மாடல் ஃபைலின் தொடக்கத்தில் நட்சத்திரக் குறியிட்ட வரிகளைப் படித்துவிட்டு இணைக்க வேண்டும்.

எல்லோரையும் கடுப்பேற்றும் செய்தி, ‘டைம்ஸ்டெப் டூ ஸ்மால்’. கணக்கு ஒரு புள்ளியில் மாட்டிக்கொண்டு, அடியைக் குறைத்துக் குறைத்துப் பார்த்தும் விடை வரவில்லை என்று அர்த்தம். உடனே ரெல்டாலைத் தளர்த்தச் சொல்வார்கள்; அது கடைசி வழியாக இருக்கட்டும். முதலில் வரைபடத்தில் எங்கே இயற்கைக்கு மாறான பாகம் இருக்கிறது என்று பாருங்கள். வோல்டேஜ் சோர்ஸுக்கு நேர் குறுக்கே கெப்பாசிட்டர், பூஜ்ஜிய நேரத்தில் ஏறும் பல்ஸ், சுற்றுகளின் கப்ளிங் (காந்தப் பிணைப்பு) சரியாக 1 என்று கொடுத்த டிரான்ஸ்ஃபார்மர், கெப்பாசிட்டன்ஸே இல்லாத டையோடு. சோர்ஸுக்கு சில மில்லி ஓம், பல்ஸுக்குச் சில நானோசெகண்ட் ஏறுநேரம், கப்ளிங் 0.99 என்று இயற்கையானதைக் கொடுத்தாலே பெரும்பாலும் ஓடிவிடும். பிறகும் ஓடாவிட்டால், சமன்பாடுகளைத் தீர்க்கும் சால்வரை ஆல்டர்னேட்டுக்கு மாற்றலாம்; வேகம் ஏறக்குறைய பாதியாகும், துல்லியம் கூடும். இன்டெக்ரேஷன் முறையை கியர் ஆக்குவதில் மட்டும் தயக்கம் வேண்டும். அது பொய்யான ரிங்கிங்கோடு (அலையில் வரும் அதிர்வு) சேர்த்து நிஜமான ரிங்கிங்கையும் அடக்கிவிடும்; மாஸ்ஃபெட்டுக்கு, அந்த அதிர்வை அடக்கும் ஸ்னப்பர் தேவையா என்று பார்க்கும் ஆளுக்கு அது தவறான தைரியம் கொடுக்கும்.

மைக்ரோகன்ட்ரோலர் கோடை ஓட்டிப் பார்க்க இது ஆகாது. ஆர்டுயினோவோடு சேர்த்துப் பார்க்க வேண்டுமென்றால் ப்ரோட்டியஸ் பக்கம் போக வேண்டும், அது காசு. பிசிபி வரைவதும் இதில் இல்லை. பலகையின் ட்ராக் இன்டக்டன்ஸும் பிரெட்போர்டின் அடுத்தடுத்த வரிசைகளுக்கு நடுவிலுள்ள சில பிகோஃபாரடும் நாமாக வரைந்தால்தான் கணக்கில் வரும். திறந்த மூலம் வேண்டும் என்பவர்களுக்கு பிசிபி வரையும் கிகேடோடு சேர்ந்த என்ஜிஸ்பைஸ் என்ற சிமுலேட்டர் உண்டு. ஐஐடி பம்பாயின் ஃபாஸி குழு அவற்றை இணைத்து ஈசிம் என்று கொடுக்கிறது, சிமுலேஷனிலிருந்து பிசிபி வரை ஒரே இடத்தில் முடிக்கலாம். கரண்ட் ஓடுவதைப் புள்ளிகளாகக் கண்ணால் பார்க்க வேண்டிய பள்ளி மாணவருக்கு, பிரவுசரில் ஓடும் ஃபால்ஸ்டாட் போதும். எல்டிஸ்பைஸைத் தொடவே வேண்டாம். எங்கல்ஹார்ட் பிறகு கோர்வோ நிறுவனத்தோடு சேர்ந்து 2023-இல் கியூஸ்பைஸ் வெளியிட்டார். அதுவும் இலவசம், சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதிய டிஜிட்டல் கன்ட்ரோலை அனலாக் சர்க்யூட்டோடு சேர்த்து ஓட்டலாம். டிஜிட்டல் கன்ட்ரோல் உள்ள இன்வெர்ட்டர், சார்ஜர் வேலை செய்பவர்கள் புதிதாகக் கற்பதென்றால் நேராக அங்கேயே போகலாம். மற்றவர்களுக்கு, கேள்விக்குப் பதிலும் மாதிரி ஃபைலும் இணையத்தில் கொட்டிக் கிடப்பது எல்டிஸ்பைஸுக்குத்தான்.